ஸ்டீபன் அம்மா எழுந்து நின்ற ஞாயிறுகள்

ஸ்டீபனைக் கொன்றது எங்கள் பங்குப் பேரவை. அவன் செத்ததாகப் போலீஸ் சொல்லவில்லை, ரயில்வே சொல்லவில்லை, அவன் வேலை பார்த்த முதலாளியும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், போன நவம்பர் இரண்டாம் தேதி, சாயங்காலம் நாலரை மணிக்கு, மைக்கில் வைத்துக் கொன்றார்கள். மைக் என்னுடையது.

ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊர். பாதி வீடு கத்தோலிக்கர்கள், பாதி வீடு இந்துக்கள். இரண்டு பேருக்கும் அதே நிலக்கடலை, அதே கேழ்வரகு, மழை பொய்த்தால் அதே பெங்களூர் பஸ். நான் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிறவன். மாரியம்மன் பண்டிகைக்கும் நான்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன், மாதா தேர்த் திருவிழாவுக்கும் நான்தான். பேசிப் பழக்கம் இல்லாதவன். எழுதியும் பழக்கம் இல்லை. இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதாமல் இருந்தால்தான் நல்லது என்று இரண்டு பேர் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

எழுதப்போவது ஸ்டீபனைப் பற்றி இல்லை, அவன் அம்மாவைப் பற்றி. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்டீபன் அம்மா என்றுதான் எல்லாரும் சொன்னோம். நான் பெரிம்மா என்பேன். சொந்தம் கிடையாது. ஸ்டீபனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

ஸ்டீபன் பத்தொன்பது வயதில் போர் வண்டிக்குப் போனான். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. எங்கள் பக்கத்துப் பையன்கள் அதில் ஏறி மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்றிவிட்டு வருவார்கள். என்னையும் கூப்பிட்டான். எங்கள் வீட்டில் விடவில்லை. ஏழெட்டு மாதம் வாரம் தவறாமல் போன் வந்தது. ஒரு நாள் வண்டியில் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ ஒரு ரயில்வே ஸ்டேஷனில் இறங்கிவிட்டானாம். எந்த ஸ்டேஷன் என்று கேட்டதற்கு வண்டியில் இருந்த ஒருவன் ஒரு பெயர் சொன்னான். இன்னொருவன் வேறு பெயர் சொன்னான். அதோடு முடிந்தது. போன நவம்பரில் பதினொரு வருடம்.

பெரிம்மா போலீஸில் புகார் கொடுத்தார். வடக்கே ஆள் அனுப்பித் தேடினார். சேலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த முதலாளி வீட்டுக்கு மூன்று பஸ் மாறிப் போனார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். மானேஜர் உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டு வந்து முன்னால் வைத்தார். ஸ்டீபன் விட்டுப்போன பெட்டி.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. இங்க வெச்சு நாங்க என்ன பண்றது."

பெரிம்மா பெட்டியைத் தொடவில்லை. பூட்டு இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்தார்.

"அவன் பெட்டிங்க. அவன் வந்து எடுத்துக்குவான். எடம் இல்லைன்னா வெளிய வையுங்க, மழை படாம."

திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்திருந்தது. பெரிம்மாவின் வீட்டுக்காரர் அதே கணவாயில்தான் லாரி மோதிச் செத்தவர். பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்த வளைவைக் கையால் காட்டினார். "இங்கதான் ஸ்டீபன் அப்பா. நான்தான் வந்து மூஞ்சியப் பாத்தேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன், நான்தான் மண்ணு போட்டேன். செத்தவங்கள செத்தவங்கன்னு சொல்ல எனக்குத் தெரியும் கண்ணு. அது எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்."

அந்த மனுஷியைப் புத்தி பேதலித்தவள் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வளைவுக் கதையைச் சொன்னேன்.

அவருக்குப் புளி தட்டுகிற வேலை. வியாபாரி மூட்டையைக் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போவான். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துத் தர வேண்டும். முந்தி நாலைந்து பெண்களாக உட்கார்ந்து பேசிக்கொண்டே தட்டுவார்கள். ஸ்டீபன் காணாமல் போன இரண்டாம் வருடத்திலிருந்து அவர் தனியாகத்தான் தட்டினார். அவர் யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. இவர்களாக நின்றுவிட்டார்கள். அவர் முன்னால் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசக் கூச்சமாம். பிள்ளைகளை விட்டால் அவர்களுக்குப் பேச வேறு என்ன இருக்கிறது? அதனால் அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். நேர்வழி இருக்க, பின்பக்கத்து வரப்பு வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஒரு நாள் பிடித்துக்கொண்டார். "ஏன்டா, எல்லாரும் ரோட்ல பாத்தா 'உங்களுக்காகச் செபம் பண்றோம்'னு சொல்றீங்க. ஒருத்தராச்சும் வந்து உக்காந்து ஒரு டீ குடிக்கிறீங்களா? செபத்த நானே பண்ணிக்கறேன். நீங்க டீயக் குடிங்கடா."

நான் குடித்தேன். அன்றைக்கு மட்டும்.

எங்கள் கோயிலில் பூசைக்குக் கருத்து கொடுக்கிற வழக்கம் உண்டு. கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியாரிடம் சொன்னால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பூசை தொடங்கும்முன் மைக்கில் வாசிப்பார். நோட்டில் இடது பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு. சுகம் கிடைக்க, வேலை கிடைக்க, கல்யாணம் கூடிவர. வலது பக்கம் இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இடது பக்கத்தில் ஸ்டீபன் இருப்பான். 'ஸ்டீபன் நல்லபடியாக வீடு திரும்ப, அவருடைய தாயார்.' பதினொரு வருடம் அதே வாசகம். ஒரு தடவை உபதேசியார் அவசரத்தில் 'ஸ்டீபன் என்பவருக்காக' என்று சுருக்கிவிட்டார். பூசை முடிந்ததும் வாசலிலேயே நிறுத்திவிட்டார் பெரிம்மா.

"என்பவருக்காகன்னா என்னாங்க உபதேசியாரே? வூடு திரும்பன்னு எழுதிக் குடுத்தத முழுங்கிட்டீங்க."

"நேரமாயிடுச்சுங்கம்மா."

"நேரமாச்சுன்னா பிரசங்கத்துல கொறைங்க."

பக்திமான் என்று நினைத்துவிட வேண்டாம். பிரசங்கத்தில் தூங்குவார். தவக்கால நோன்பில் மற்றவர்கள் கவுச்சி தொடாதபோது கருவாடு வறுப்பார். செபமாலை சொல்வார், ஆனால் புளி தட்டிக்கொண்டே. விசுவாச அறிக்கை சொல்லும்போது மட்டும் சத்தம் தூக்கும். கோயிலில் போன் கொண்டுவரக் கூடாது என்று முந்தி இருந்த சாமியார் வாராவாரம் கத்துவார். பெரிம்மாவின் பட்டன் போன் மட்டும் அணைந்ததே இல்லை. ஸ்டீபனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். ஒரு முதல் வெள்ளி. சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். கோயில் முழுக்க முழங்காலில் இருக்கிறது. போன் அடித்தது. புது நம்பர். பெரிம்மா அங்கேயே, முழங்காலில் இருந்தபடியே, எடுத்துக் காதில் வைத்தார். சாமியார் கையை இறக்கவில்லை. மணி அடிக்கிறவர் மணி அடிக்கவில்லை. நான் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இருந்தேன். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம்.

"லோன் வேணுமான்னு கேக்கறான் சாமி," என்றார். போனைப் பையில் போட்டார். "நீங்க நடத்துங்க."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெங்களூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். கத்தோலிக்கர் இல்லை. வீடுவீடாகச் செபம் பண்ணுகிறவர். பெரிம்மாவின் தலையில் கையை வைத்து, கண்ணை மூடி, உன் மகன் சீக்கிரம் வருகிறான் மகளே என்றார். நாங்கள் எல்லாரும் சிலிர்த்துப்போனோம். பெரிம்மா அவர் கையை மெதுவாகத் தலையிலிருந்து எடுத்தார்.

"சீக்கிரம்னா என்னா தேதிங்க?"

"விசுவாசம் வேணும் மகளே."

"விசுவாசம் எங்கிட்ட இருக்குதுங்க. தேதிதான் இல்ல."

பக்கத்துக் காட்டுக்கார அம்மா ஒருத்தி இருந்தாள். இந்து. பெரிம்மாவிடம் கடைசி வரை பழகியது அவள் ஒருத்திதான். ஒகேனக்கல் போகிற வழியில் குறி சொல்கிறவர் இருக்கிறார், வா என்று கூப்பிட்டாள். பெரிம்மா போனார். உள்ளே போகவில்லை, வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். "நீ உங்க சாமியக் கேளு. நான் எங்க சாமியத்தான் கேட்டுக்கிட்டு இருக்கறேன். ரெண்டு பேர்ல யாரு மொதல்ல வாயத் தெறக்கறாங்கன்னு பாக்கலாம்," என்றாராம். குறிக்காரர் வெளியே வந்து கிழக்குத் திசை என்று சொன்னார். பெரிம்மா விடவில்லை. "கெழக்குன்னா ஏரியூருங்க. அங்க நான் தெனம் போறேன்."

அவர் வீட்டுச் சுவரில் ஸ்டீபன் போட்டோ இருந்தது. பத்தாவது ஹால் டிக்கெட்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதற்குப் பக்கத்தில் மறைமாவட்டக் காலண்டர், அதில் ஆயர், பிஷப் என்பார்களே அவர், சிரித்துக்கொண்டிருப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்த சொந்தக்காரர்கள், நல்ல எண்ணத்தில்தான், ஸ்டீபன் போட்டோவுக்கு ஒரு சந்தன மாலை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் நான் ஸ்டார் லைட்டைக் கழற்றப் போனபோது மாலை ஆயர் கழுத்தில் தொங்கியது.

"பெரிம்மா, ஆயர் உசுரோட இருக்காரு."

"எம் மகனுந்தான்டா."

சிரிக்க வைக்கிற மனுஷிதான். ஆனால் ஒரு பெரிய சனிக்கிழமை அவர் சிரிக்காததையும் பார்த்திருக்கிறேன். பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் அந்த ஒரு நாள், எங்கள் கோயிலில் நற்கருணை அப்பம் வைக்கிற பேழையைக் காலி செய்து கதவைத் திறந்து போட்டுவிடுவார்கள். விளக்கு எரியாது. பீடத்தில் துணி இருக்காது. பகல் பன்னிரண்டு மணிக்கு நான் ஈஸ்டர் பூசைக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பெரிம்மா பெருக்க வந்தவர், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அந்தத் திறந்த கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் இருக்கும். நான் இருப்பது தெரிந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

"இந்தக் கோயிலுக்கு வருசத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் எம் வூட்டு நெலம," என்றார். "நாளைக்கு இதுக்குச் சரியாயிடும்."

நான் ஒயரைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்.

இனி நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். எல்லாரும் கல்லறைகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். ஒவ்வொரு குடும்பத்தின் இறந்தவர் பெயரும் மைக்கில் வாசிக்கப்படும். முந்தியெல்லாம் அவரவர் வீட்டுப் பெயரை அவரவரே துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். போன வருடம் கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைக்காரர்கள் நவீனப்படுத்தினார்கள். குடும்பப் பதிவேட்டைப் பார்த்து, தெருவுக்கு ஒன்றாக இருக்கிற அன்பியக் குழுக்களின் தலைவர்களைக் கேட்டு, ஏரியூரில் டைப் அடித்து, லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார்கள். எந்த வீட்டையும் கேட்கவில்லை. உபதேசியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மைக் பக்கத்தில் நின்றவன் நான். என் கையில் கொடுத்தார்கள்.

ஒரு குடும்பத்தின் பெயர்களை வாசித்து நிறுத்துவேன். கூட்டம் முழுக்க 'இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே' என்று சொல்லும். அடுத்த குடும்பம். அப்படிப் போய்க்கொண்டிருந்தது. பெரிம்மாவின் வீட்டுக்காரர் பெயர் வந்தது. அதற்குக் கீழே ஸ்டீபன் பெயர்.

நான் அதைப் பார்த்தேன். வாசிப்பதற்கு முன்னாலேயே பார்த்தேன். நிறுத்த நேரம் இருந்தது. எனக்குத் தெரியாமல் ஏதாவது தகவல் வந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு. பேரவை கொடுத்த தாளில் நாம் கை வைக்கலாமா என்று ஒரு பயம். இரண்டும் சாக்குதான். உண்மை வேறு. என் மனசுக்குள் நான் அவனை எப்போதோ புதைத்துவிட்டிருந்தேன். அதனால் என் வாய் தடுக்கவில்லை. வாசித்தேன். கூட்டம் முழுக்க, அவனோடு படித்தவர்கள், அவனைத் தூக்கி வளர்த்தவர்கள், ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன், எல்லாரும் ஒரே குரலில் அவனுக்கு இளைப்பாற்றி கேட்டார்கள்.

பெரிம்மா வீட்டுக்காரர் கல்லறை முன்னால் குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கல்லறைகளுக்கு நடுவே நடந்து நேராக மைக்குக்கு வந்தார். ஓடி வரவில்லை.

"எழுதுனது யாரு?"

சாமியார், இளவயசுக்காரர், வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர், "தவறுதலா வந்திருக்கும்மா" என்றார்.

"சரிங்க சாமி. அப்ப இதே மைக்குல தவறுன்னு சொல்லுங்க. இப்பவே."

"இங்க வேணாம்மா. ஞாயித்துக்கிழம அறிவிப்புல சொல்லிடறேன்."

பெரிம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அடுத்த வூட்டுப் பேரப் படி," என்றார். "அவங்க நிக்கறாங்க பாரு."

என் குழாய் சத்தம் இரண்டு கிலோமீட்டர் போகும். காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் காதில் ஸ்டீபன் பெயர் விழுந்திருக்கிறது. தகவல் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்கள். பெரிம்மா வீடு திரும்பும்போது வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் நிற்கிறார்கள். தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சிலர். பக்கத்துக் காட்டுக்கார அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "போயிட்டானா ஆத்தா, எங்க கெடந்தானாம்?"

"யாரும் போவல. எவனோ காயிதத்துல தப்பா எழுதிட்டான்." பெரிம்மா பூட்டைத் திறந்தார். அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் துக்கம் இல்லை என்றால் எப்படித் திரும்பிப் போவது? பெரிம்மாவே வழி சொன்னார். "வந்துட்டீங்க. உக்காருங்க. டீ வெக்கறேன்."

எத்தனையோ வருடம் கழித்து அந்த வீட்டில் கூட்டம். பால் பத்தாமல் கடைக்கு ஆள் போனது.

மறுநாள் காலையில் பெரிம்மா சாமியார் வீட்டுக்குப் போனார். நான் ஒயர்களை எடுத்துப் போகப் போயிருந்தேன், அதனால் எல்லாவற்றையும் என் காதால் கேட்டேன். பேரவைச் செயலாளரும் இருந்தார்.

சாமியார் சமாதானமாகத்தான் பேசினார். "உயிரோட இருந்தாலும் இல்லாட்டாலும் அவருக்காகத்தானம்மா வேண்டறோம். கடவுளுக்குத் தெரியும்."

"கடவுளுக்குத் தெரியுஞ் சாமி. ஊருக்குல்ல சொல்லணும்."

செயலாளர் இடையில் வந்தார். "அக்கா, ஏழு வருசம் ஆளு தகவல் இல்லைன்னா சட்டமே எறந்ததா எடுத்துக்குதுங்க. உங்களுக்குப் பதினோரு வருசம் ஆச்சு. யாரோ நல்லதுக்குன்னு நெனச்சு எழுதியிருப்பாங்க. ஒரு ஆன்மாவுக்குச் செபம் கெடைக்காம இருக்கக் கூடாதில்லீங்களா?"

பெரிம்மா சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார்.

"வர்றேன்னு சொல்லிட்டுப் போயி ரெண்டாயிரம் வருசமாச்சு இவரு. இன்னும் வரல. வாராவாரம் வருவாருன்னு நின்னுக்கிட்டுச் சொல்றோம். இவரு பேர அந்த லிஸ்ட்ல எவனாச்சும் எழுதுனீங்களா? எம் மகனுக்குப் பதினோரு வருசந்தாங்க ஆவுது."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "ஞாயித்துக்கிழம கண்டிப்பா சொல்றேம்மா," என்றார்.

ஞாயிறு வந்தது. பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்புகள். மறைக்கல்வித் தேர்வு. கிறிஸ்துமஸ் குடில் போட்டி. கூரை வேலைக்கு நன்கொடை. பெரிம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், அறிவிப்பு தொடங்கியதும் எழுந்து நின்றார். கோயிலில் அவர் ஒருவர் மட்டும் நின்றார். அறிவிப்பு முடிந்தது. ஸ்டீபன் பெயர் வரவில்லை. உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறும் நின்றார். அதற்கு அடுத்த ஞாயிறும். கத்தவில்லை, அழவில்லை, யாரையும் கைகாட்டவில்லை. அறிவிப்பு முடியும் வரை நின்றார், பிறகு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார்கள். சொல்ல வேண்டாம் என்று பேரவை முடிவு எடுத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. ஒரு வீட்டுக்குத் திருத்தம் சொன்னால் ஒவ்வொரு வீட்டுக்காரனும் ஒரு திருத்தத்தோடு வருவானாம். லேமினேஷன் போட்டாகிவிட்டதாம். அந்த இளம் சாமியார் அவர்களை மீறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்த நாலு வாரமும் அவர் எதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார் தெரியுமா? காத்திருப்பதைப் பற்றி. நல்ல பிரசங்கம். பெரிம்மா நாலு வாரமும் தூங்கவில்லை, முழுக்கக் கேட்டார். அப்புறம் அறிவிப்புக்கு எழுந்து நின்றார்.

டிசம்பர் முதல் வெள்ளிக்குக் கருத்து கொடுக்கப் போனபோது உபதேசியார் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினாராம். "எந்தப் பக்கம் எழுதறதுங்கம்மா?" பெரிம்மா பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, இடது பக்கத்தில் தானே எழுதினார். கோணல் எழுத்து. அந்த நோட்டில் இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

எட்டு ஞாயிறு நின்றார். மைக் என்னுடையது. ஒரு ஞாயிறு நானே பட்டனைத் தட்டி, 'ஸ்டீபன் இறந்ததாக யாருக்கும் தெரியாது, நான் வாசித்தது தப்பு' என்று சொல்லியிருக்கலாம். பத்து நொடி ஆகும். கோயில் ஆர்டர் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

பொங்கலுக்கு முன்னால் காய்ச்சலில் படுத்தார். கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். முதல் தடவையாக ஒரு ஞாயிறு அவர் பூசைக்கு வரவில்லை. பூசை முடிந்து நான் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பாயில் சுருண்டு படுத்திருந்தார். தலைமாட்டில் அந்த போன். மூலையில் உடைக்காத புளி மூட்டை. பக்கத்துக் காட்டுக்கார அம்மா கஞ்சி வைத்துவிட்டுப் போயிருந்தாள், ஆறிக் கிடந்தது.

"சொல்லிட்டாங்களாடா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "சொல்லிட்டாங்க பெரிம்மா," என்றேன். "இன்னிக்கு சாமியாரே சொல்லிட்டாரு."

பெரிம்மா தலையைத் தூக்கினார். "கொழாய எம் வூட்டுப் பக்கந்தான திருப்பிக் கட்டியிருக்கற. குடிலுக்கு மொத பரிசு யாருக்குன்னு கேட்டுது. இது கேக்கலியே."

நான் ஆறின கஞ்சியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உனக்கும் நான் சீக்கிரம் ஓஞ்சு போனாத் தேவலன்னு ஆயிடுச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. "போ கண்ணு. வூட்ல சாப்புடு. மணியாவுது."

ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டார். காலையில் கஞ்சி கொண்டுபோன காட்டுக்கார அம்மாதான் பார்த்தாள். அடக்கத்துக்கு ஊரே வந்தது. பேரவை முழுக்க வந்தது. செயலாளர் இரங்கல் பேசினார். "இனி தன் கணவரோடும் மகனோடும் விண்ணகத்தில்" என்று ஆரம்பித்தார். நான் ஒயரைப் பிடுங்கினேன். கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பதினொரு வருடம் ஸ்டீபன் அம்மாவுக்காக நான் செய்தது அது ஒன்றுதான், அதுவும் அவர் கேட்க முடியாதபோது.

இப்போது அக்டோபர். போன வாரம் இந்த வருடப் பட்டியல் வாட்ஸப்பில் எனக்கு வந்தது. உபதேசியாருக்கு வயசாகிவிட்டதாம், இனி நானே வாசிக்க வேண்டுமாம். போன வருடத் தாளை அப்படியே எடுத்து, இந்த வருடம் செத்தவர்களைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு மூன்று வரி. அப்பா. அம்மா. ஸ்டீபன். அம்மாவுக்கு ஞானஸ்நானப் பெயர் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை அதில்தான் நான் முதல் தடவை பார்த்தேன். அந்த வீட்டிலிருந்து இனி எழுந்து நிற்க ஆள் கிடையாது, அந்தத் தைரியத்தில் ஸ்டீபன் பெயரை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

எழுதியது யார் என்று நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். செயலாளர் அன்பியத் தலைவரைக் காட்டினார். அன்பியத் தலைவர் பதிவேட்டைக் காட்டினார். பதிவேட்டில் ஸ்டீபன் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை, வெறுமையாக இருக்கிறது. டைப் அடித்த கடைக்காரர், கொடுத்த தாளைப் பார்த்துத்தான் அடித்தேன் என்றார். அந்தத் தாள் எங்கே என்றால், கிழித்துப் போட்டாகிவிட்டது என்கிறார்கள். ஒரு பெயர் தானாகவே போய்ப் பட்டியலில் உட்கார்ந்துகொள்ளாது. ஒரு கை எழுதியிருக்கிறது. அந்தக் கை எட்டு ஞாயிறு அந்த மனுஷி நின்றதை, அதே கோயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல என்ன கஷ்டம்?

வாசித்தவன் நான் என்று இதோ பெயர் போட்டு எழுதிக் கோயில் வாசலில் ஒட்டப்போகிறேன். என் பங்கு முடிந்தது. பங்குப் பேரவைத் தலைவரே, செயலாளரே, சாமியாரே, வருகிற ஞாயிறு, பூசை முடிவில், அறிவிப்பு நேரத்தில், மூன்று பேரும் மைக்குக்கு வந்து சொல்லுங்கள். ஸ்டீபன் செத்துவிட்டான் என்று எழுதியது யார்? திருத்தம் சொல்ல வேண்டாம் என்று முடிவு எடுத்தது யார்? நீங்கள் வாய் திறக்கிற வரைக்கும் முதல் வரிசையில் நான் நின்றுகொண்டிருப்பேன். சொல்லுங்கள்.